வாசல் பக்கத்து வளையம்

கல்லூரி மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் கணவன் என்பது ஒரு முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாக உண்டு. மிச்ச நேரத்தில் நான் பல் டாக்டர்.

என் மனைவியின் அணி சொந்த மைதானத்தில் தோற்றதே இல்லை. வெளியூர் போனால் அடி வாங்கிக்கொண்டு வரும், அது வேறு கதை. ஒவ்வொரு வருஷமும் ஊழியர் கூட்டத்தில் எழுந்து, வாசல் பக்கத்து வளையம் முன்பக்கம் தொங்குகிறது, சரி செய்து தாருங்கள் என்று சண்டை போடுவாள். பிரின்சிபால் தலையாட்டுவார். வளையம் தொங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து அவரை வாய்க்கு வந்தபடி வைவாள்.

இந்த வருஷம் இறுதிப் போட்டி எங்கள் மைதானத்தில். அதற்கு முந்தின வாரம் பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டு, கோப்பை வராவிட்டால் ஆண்கள் அணியின் கோச்சே இரண்டு அணியையும் பார்த்துக்கொள்வார், நீங்கள் விடுதி அலுவலகத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோச்சுக்கு விசில் ஊதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதையும் நன்றாக ஊத மாட்டான்.

அன்று வீட்டில் அவள் யாரையும் திட்டவில்லை. சாப்பிடாமல் ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை விட்டா எனக்கு என்னங்க தெரியும்?" என்று ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே கேட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பிரின்சிபால் கடைவாய்ப் பல்வலியோடு என் நாற்காலியில் வந்து மாட்டினார். வாய் திறந்திருக்கும்போது யாராலும் மறுத்துப் பேச முடியாது. வளையத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். மறுநாளே, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, வெல்டர் வந்துவிட்டார்.

போட்டியன்று காலையில் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். வளையம் சிவப்புப் பெயின்ட் அடித்து, தட்டு மாதிரி நேராக நின்றது. பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"யார் இதைச் சரி பண்ணச் சொன்னது?"

"நான்தான். நீதானே வருஷா வருஷம் கேட்டுட்டு இருந்த?"

"செய்ய மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே கேட்டேன்."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். முதல் பாதியில் வெளியூர் அணி வாசல் பக்கம்தான் எறிய வேண்டும், அது எங்கள் மைதானத்து வழக்கம். நேராக எறிந்த பந்தெல்லாம் தொங்கின விளிம்பில் பட்டு வெளியே போகும். இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் எங்கள் பெண்களுக்கு. பலகையில் அடித்து உள்ளே இறக்கினால் விழும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கைப்பழக்கமே அந்தத் தொங்கலுக்குத்தான், நேரான வளையத்தில் தடுமாறுவார்கள். யாரும் சந்தேகப்படக் கூடாது என்றுதான் வருஷா வருஷம் புகார்.

இத்தனை காலம் என் மனைவியின் திறமைக்கு நான் அடித்த தம்பட்டத்தில் பாதி ஒரு துண்டு இரும்புக்குப் போய்ச் சேர வேண்டியது.

முதல் பாதியில் வெளியூர்ப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் விழுந்தது. இடைவேளையில் பதினான்கு புள்ளி பின்னால் இருந்தோம். ஆண்கள் கோச் புது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அப்போது ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் எங்கள் நெட்டைக் கேப்டன், பயிற்சிக்கு எறிகிற சாக்கில் வாசல் பக்கத்து வலையை வளையத்தின் மேல் சுருட்டிவிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் ஏறி அந்த வலையை எடுத்து விடுங்க."

"அந்தப் பொண்ணு எட்டினாலே வருமே?"

"ஏறுங்க."

ஏணியில் ஏறினேன். கீழே பெண்கள் மெத்தையை இழுத்துப் போட்டார்கள். இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்தது. வளையத்தைப் பிடித்தேன். என் மனைவி ஏணியைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

தொங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் குத்திக்காட்டி வந்த என் உடம்பு முழுவதும் அந்த வளையத்தில் தொங்கியது. கூட்டம் சிரித்தது.

"சீக்கிரம் இறக்குங்கம்மா" என்றேன்.

"ஒரு நிமிஷம், மேடம் சொல்லட்டும் சார்" என்றாள் ஒட்டடைக்குச்சி.

தலைக்கு மேலே இரும்பு முனகியது. மெல்ல, பழைய இடத்துக்கே, முன்பக்கம் இறங்கியது. மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"போதும், விட்டுடுங்க."

மெத்தையில் விழுந்தேன். ஏணி வழுக்கிவிட்டது என்று நடுவரிடம் அவளே வருத்தத்தோடு சொன்னாள்.

இரண்டாம் பாதியில் பலகையில் அடித்து அடித்து இறக்கினார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம். ஆண்கள் கோச் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழுதாள். எனக்கும் தோள் சுளுக்கில் வலி உயிர் போனது, இருவரும் சேர்ந்தே அழுதோம்.

அடுத்த வாரம் பிரின்சிபால் பல்லுக்கு மூடி போட்டுக்கொள்ள வந்தார்.

"வளையம் மறுபடி தொங்குதாம் டாக்டர். உங்க வீட்டம்மா மீட்டிங்ல ஒரே சண்டை. இந்தத் தடவை நல்ல வெல்டரா..."

"நல்லா வாயைத் திறங்க சார்" என்று சொல்லி, கையில் இருந்த பஞ்சு அத்தனையையும் உள்ளே வைத்தேன்.