அஸ்தினாபுரத்து அமெரிக்க வாசல்

பல்லாவரம் தொடங்கி ஊரப்பாக்கம் ஈறாக உள்ள சகல பெற்றோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கடல் கடந்த அந்த மாபெரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வாசல் அஸ்தினாபுரத்தில்தான் இருக்கிறது. வாயிற்காவலர், அதன் முன்னாள் மாணவர் திரு. தட்சிணாமூர்த்தி.

சம்பளமில்லாத காவல். விண்ணப்பித்த பிள்ளைகளிடம் நேரில் பேசி, ஆள் எப்படி என்று அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் புகழ்ந்து எழுதிய ஒருவருக்கும் இதுவரை இடம் கிடைத்ததில்லை. "நீங்க நல்லா எழுதினாத்தான் அவங்களுக்கு சந்தேகமே வருது போல," என்பாள் மனைவி சுபத்ரா. ஒரே ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஏங்கிப் போயிருந்தார் மனுஷன்.

இந்த ஆண்டு கோவிலம்பாக்கத்து முகிலன். வீட்டில் சந்திக்கக் கூடாது என்பது விதி; ஆகவே குரோம்பேட்டையில் ஒரு காபிக் கடை. அவர் கழுத்தில், மார்கழியிலும் வியர்க்க வைக்கும், பல்கலைக்கழக முத்திரை போட்ட டை. பெற்றோர் கூட வரக் கூடாது என்பதும் விதி. அதனால் பையனின் அம்மா கோகிலவாணி பக்கத்து மேசையில் யாரோபோல ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தாள். முகிலன் தும்மியதும் அங்கிருந்து கைக்குட்டை வந்தது.

தலைமைப் பண்பு, சமூக அக்கறை எல்லாம் பேசி முடிந்தது. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எல்லோரும் நூலகத்தைப் பற்றிக் கேட்பார்கள். சொற்பொழிவு தயாராக இருந்தது.

"அங்க உங்களுக்குப் புடிச்சிருந்துதா சார்?"

இதை யாரும் கேட்டதில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார். முதல் பனிக்காலத்தில், விடுதியிலேயே கதகதப்பான இடம் என்று துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோறு தின்றபடி அழுததைச் சொன்னார். சுபத்ராவிடம்கூடச் சொன்னதில்லை. பக்கத்து மேசையில் உறிஞ்சும் சத்தம் நின்றது.

அந்த முறை அறிக்கையில் பெரிய வார்த்தை ஒன்றுகூட விழவில்லை. அடுத்த அறைக்காரன் சாப்பிட்டானா என்று கேட்கக்கூடிய பையன், என்று எழுதினார்.

இடம் கிடைத்துவிட்டது, முழு உதவித்தொகையோடு. டையையும் மைசூர்பாகையும் சுபத்ராவையும் கூட்டிக்கொண்டு கோவிலம்பாக்கம் போனார். கோகிலவாணி காபி கொடுத்தாள்.

"வெறுஞ்சோத்தத் தின்னுகினு அழுதேன்னு சொன்னீங்களே, அதுலேந்து எனக்கே சோறு எறங்கல சார். உங்களயே அழவச்ச ஊரு. இவன் எம்மாத்திரம்?"

அவர் முகிலனைப் பார்த்தார். "எனக்கும் குளிர் ஒத்துக்காது சார்," என்றான் அவன், மைசூர்பாகை எடுத்தபடி.

திரும்பும் வழியில் சுபத்ரா கேலி செய்யவில்லை. "வெறும் சோறா சாப்பிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முகிலன் மேடவாக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுகிறான்.