இரண்டு தட்டு

எங்கள் மில் பேருந்தில் ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு தகடு உண்டு. நாற்பது வயதைத் தாண்டி எழுத்துக்கூட்டப் பழகிய நான் முழுசாகப் படித்து முடித்த முதல் சங்கதி அதுதான். கேட் இல்லாத ரயில் பாதைக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். உதவியாளர் இறங்கி, பாதை வரை நடந்து போய், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணெதிரே நின்று கொடி காட்டிய பிறகே வண்டி நகர வேண்டும். தண்டவாளத்தின் மேல் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.

உதவியாளர் என் தங்கையின் வீட்டுக்காரர். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஓட்டுநருக்கு எல்லோரும் வைத்த பெயர் பிரேக்கு. நாய் குறுக்கே வந்தாலும் நிறுத்துவார், நாயின் நிழல் வந்தாலும் நிறுத்துவார்.

கொடி காட்டினால் மாப்பிள்ளை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார். அவரை ஏற்ற வண்டி இன்னொரு தடவை நிற்க வேண்டும். ஏழு மணிக்கு மில் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதனால் கொடி இருக்கைக்கு அடியில் கிடந்தது. மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பி வருவார், வண்டியின் பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், பின்வாசலில் தொற்றிக்கொள்வார். பாதைக்கு முன்னால் ஒரு கிடங்குச் சுவர் மறைத்து நிற்பதால் ஓட்டுநருக்கு ரயிலும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. இரண்டு தட்டு கேட்டால் போவார். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

அன்றைக்குத் தூறல். மாப்பிள்ளை இறங்கிப் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. முந்தின நாள்தான் கேட்டை அடைத்து எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"என்னப்பா, ரயிலுக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டாரா?"

"ஜாதகம் பொருந்தலையாம், பேசிக்கிட்டிருக்காரு."

"யோவ் பிரேக்கு, கேட்டை அடைச்சா உன் வீட்டுலதான்யா சாப்பாடு எங்களுக்கு!"

"அவரு வராம நகர மாட்டேன். கத்தினா கத்துங்க," என்றார் ஓட்டுநர், திரும்பிப் பார்க்காமல்.

நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு வேடிக்கை காட்டத் தோன்றியது. கையை வெளியே விட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

வண்டி நகர்ந்தது. 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் திறந்தேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு மூடிவிட்டேன்.

சுவரைத் தாண்டியதும் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடி வந்தார். அவர் மேல் ஏற்றிவிடக் கூடாது என்று ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டியின் முன்பாதி தண்டவாளத்தின் மேல் நின்றது. மாப்பிள்ளை முன்வாசலைத் திறந்து ஆட்களை வெளியே இழுத்தார். மூன்று பேரை இழுத்தார். நாலாவது ஆளின் கை அவர் கையில் இருக்கும்போது ரயில் வந்தது.

செத்தது அவரோடு சேர்த்து ஏழு பேர். கடைசி வரிசைக்குச் சிராய்ப்புகூட இல்லை.

ஒரு கால் போய் ஆஸ்பத்திரியில் கிடந்த ஓட்டுநர் விசாரித்தவர்களிடம் உள்ளதைச் சொன்னார்: "ரெண்டு தட்டு கேட்டுச்சு. போனேன்." கடைசி வரிசையில் எல்லோரும் முன்னால் ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் என் கையை யாரும் பார்க்கவில்லை. தட்டுவது மாப்பிள்ளையின் வேலை. ஆகவே மாப்பிள்ளைதான் தட்டினார் என்று ஊரே முடிவு கட்டியது. குழாயடியில் தங்கை குடத்தை வைத்தால் முன்னும் பின்னும் இருந்த குடங்கள் நகர்ந்துகொண்டன. செத்தவர்களின் வீடுகளும் அதே வரிசையில்தான் இருந்தன.

இருபத்து மூன்றாம் நாள் மில் குமாஸ்தா ஒரு தாளும் மைப்பெட்டியும் கொடுத்துவிட்டுப் போனார். ரேகை வைத்தால் மில் கொடுத்த அந்த ஒற்றை அறையில் அவள் தொடர்ந்து இருக்கலாம்.

"என்ன போட்டிருக்கு, படி அண்ணே."

விரல் வைத்துப் படித்தேன். "என் கணவர் விதியை மீறி, ரயில் வருவதைப் பார்க்காமல் சைகை கொடுத்ததே விபத்துக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

அவள் கட்டை விரலை மையில் அழுத்தினாள்.

"அவரு அவசரக்காரருதான். சோத்தைக்கூட நின்னுக்கிட்டேதான் திம்பாரு. பாக்காமத் தட்டியிருப்பாரு."

அன்றைக்கு அவசரப்படாமல், ரயில் போகட்டும் என்று நின்றவர் அவர்தான். அவள் விரல் தாளுக்கு மேலே இருந்தது.

"அவரு தட்டல," என்றேன்.

"டிரைவர் பொய் சொல்ற ஆளு இல்லையே."

"அவரும் பொய் சொல்லல. ரெண்டு தட்டு விழுந்தது நெசம்."

"பின்ன யாரு?"

வலது கையைத் தூக்கி, பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்து விரலில் இருந்த மையைத் துடைத்தாள். துடைத்துத் துடைத்து, மை போன பிறகும் துடைத்தாள்.

"இருபத்து மூணு நாளு எங்கூட உக்காந்து அழுதியே அண்ணே."

"ஆமா."

தாளைத் திருப்பி வெற்றுப்பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"எழுதத்தான் கத்துக்கிட்டியே. எழுது. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

நான் எழுத நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் போய் நின்றாள். முடிக்கும் வரைக்கும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.