கனகேஸ்வரி ரீச்சர் புள்ளி போட்ட நாவல்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் நலன்புரிச் சங்கக் கட்டடத்தின் மேல்மாடி நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் நான்தான் பொறுப்பு. மற்ற நாட்களில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளார்க். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, யாரும் கேட்காத புத்தகங்களைக் காவல் காக்கிறேன். என் மனைவி பேர்ணடெற் இதை வெளியாட்களிடம் "சமூக சேவை" என்பாள். என்னிடம் "வீட்டு வேலைக்குக் கள்ளம்" என்பாள். இரண்டும் உண்மை.

பத்து வருடமாக நான் சிபாரிசு செய்த புத்தகங்களில் வருகிற பிள்ளைகள் எல்லாரும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிப்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் டொக்டர் ஆவார்கள். வாசிக்க வந்த பிள்ளைகளோ இரண்டாம் அத்தியாயத்திலேயே டியூஷனுக்கு ஓடிவிடுவார்கள். டியூஷனுக்கு! ஒரு நூலகரை இதைவிட அவமானப்படுத்த முடியாது.

போன வருடம்தான் எனக்குப் புத்தி வந்தது. பதினொரு நாவல்கள் வாங்கினேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிற பிள்ளைகள், தகப்பன் குடிக்கிற வீடுகள், போதைப்பொருளில் மாட்டுப்பட்ட பெடியன்கள், தாயோடு முகம் பார்த்துக் கதைக்காத பெட்டைகள். ஜன்னலோரத் தட்டில் தனியாக அடுக்கினேன். ஓ/எல் கணிதப் பரீட்சையை மூன்று தரம் எழுதியவன் என்ற முறையில், குழம்பிய பிள்ளைகள் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதலில் மாட்டியவள் டில்ஷானி. பதினைந்து வயது. இரண்டு டியூஷன் வகுப்புகளுக்கு நடுவில் வந்து ஃபானுக்கு நேர் கீழே உட்காருவாள்.

"புத்தகம் வேணாம் அங்கிள். காத்து மட்டும் போதும்."

"நல்லது. அந்த மஞ்சள் மட்டைப் புத்தகத்தை மட்டும் தொடாதே. அதில வாற பெட்டை டியூஷனுக்கு எண்டு சொல்லிப்போட்டுக் கடற்கரையில போய் இருக்கிறவள்."

"எந்த டியூஷன்?"

"மெத்ஸ்."

எடுத்துவிட்டாள். மலிவான தந்திரம்தான். ஆனால் இரண்டு சனிக்கிழமையில் தொண்ணூறு பக்கம்! வாழ்க்கையில் ஒரு புத்தகத்தையும் முடிக்காத பிள்ளை. மூன்றாம் சனிக்கிழமை அவள் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் இருந்தபோதுதான் கனகேஸ்வரி ரீச்சர் உள்ளே வந்தார்.

ரீச்சர் சங்கத்தின் நூலகக் குழுத் தலைவி. முப்பது வருடம் பம்பலப்பிட்டியில் தமிழ் படிப்பித்து இளைப்பாறியவர். ஓ/எல் விடைத்தாள் திருத்துவதை மட்டும் இன்னும் விடவில்லை. டில்ஷானியின் தோளுக்கு மேலால் மூன்று வரி வாசித்தார்.

"நிக்கலஸ், என்ன இது? தூஷணம் கிடக்கு."

"தகப்பன் குடிவெறியில கதைக்கிறார், ரீச்சர். வெறியில தேவாரம் பாடினால் ஆர் நம்புவினம்?"

பகிடி எடுபடவில்லை. ரீச்சர் புத்தகத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

"வாற சனிக்கிழமை முடிவு சொல்லுறன். சரிவராட்டில் அந்தத் தட்டு முழுக்க எடுபடும்."

"அப்ப இப்பவே எடுங்கோவன், ரீச்சர்," என்றேன் சலித்துப்போய்.

"முழுக்க வாசிக்காமல் நான் ஒரு பேப்பருக்கும் புள்ளி போட்டதில்லை."

டில்ஷானி எழுந்து நின்றாள். "ரீச்சர், அந்தப் பெட்டை இப்பதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டவள்."

"வாற கிழமை பாப்பம்."

"அதுவரைக்கும் அவள் ரோட்டிலயா நிக்கிறது?"

ரீச்சர் படியிறங்கினார்.

அந்தக் கிழமை முழுக்க, கப்பல் கொம்பனிப் படிவங்களின் பின்பக்கத்தில், தட்டைக் காப்பாற்ற ஒரு பேச்சு எழுதினேன். பேர்ணடெற் வாசித்துப் பார்த்து, "இதைக் கேட்டால் ரீச்சர் மற்ற ஆயிரம் புத்தகத்தையும் சேத்து மூடுவா," என்றாள். கிழித்துப் போட்டேன். தட்டுப் போவது ஒருபக்கம். பத்து வருடம் கழித்துக் கிடைத்த ஒரு வாசகி தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு போய்விடுவாளே என்பது மறுபக்கம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ரீச்சர் வந்தார். டில்ஷானி ஒன்பதரைக்கே வந்து காத்திருந்தாள். ரீச்சர் மேசையில் வைத்த புத்தகம் உப்பிப்போயிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக் கடதாசித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனைக் குறிப்பு.

"வாசியும்," என்றார் என்னிடம்.

ஒன்பதாம் பக்கம்: தகாத சொல். பதினாலாம் பக்கம்: தகாத சொற்கள் இரண்டு. நாற்பத்தோராம் பக்கம்: சிகரெட். என் தட்டு மெல்ல மெல்லக் காலியாவது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த துண்டை எடுத்தேன்.

அறுபத்துமூன்று: தாய் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

எண்பது: மாஸ்டர் ஏன் வீட்டுக்கு அறிவிக்கவில்லை?

தொண்ணூற்றாறு: ஒன்றும் சாப்பிடாமல் போகிறாள்.

நூற்றிப் பதினெட்டு: இன்னும் சாப்பிடவில்லை.

நூற்றி முப்பத்தொன்று: முருகா.

புத்தகத்திலேயே மோசமான சொல் நூற்றி நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. வாங்கும்போதே பார்த்து நடுங்கியவன் நான். அங்கே துண்டே இல்லை.

"எத்தினை புள்ளி ரீச்சர்?" என்றேன்.

"எழுவத்திரண்டு. தூஷணத்துக்கு மூண்டு வெட்டினனான். இல்லாட்டில் எழுவத்தைஞ்சு, ஏ சித்தி."

நான் சிரிக்க வாயெடுத்தேன். ரீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"முப்பது வருசம், நிக்கலஸ். பள்ளிக்கூடத்தை விட்டு இடையில நிண்ட பிள்ளையள் எத்தினை பேர். வகுப்பு இடாப்பில பேரை வெட்டிப்போட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவன். எங்க போனவை, சாப்பிட்டினமோ எண்டு ஒருக்காலும் கேட்டதில்லை."

ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன், ரீச்சர் உட்கார்ந்தார்.

"அப்ப நான் வாசிக்கலாமா?" என்றாள் டில்ஷானி.

"கிளாஸ் எத்தினை மணிக்கு?"

"பத்தே முக்காலுக்கு."

"அதுவரைக்கும் வாசி. தட்டு அங்கயே இருக்கட்டும், நிக்கலஸ். சின்னப் பிள்ளையளுக்கு எட்டாமல் கொஞ்சம் உயத்தி வையும்."

தட்டை உயர்த்த ஆணி தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ரீச்சரின் குரல்.

"பஸ் ஸ்ராண்டுக்கு வந்திட்டாளே?"

"இன்னும் இல்லை."

"அங்க ஒரு ஓட்டோக்காரன் வருவான்..."

"ரீச்சர்! சொல்லாதீங்கோ!"

"சரி, சரி. நல்லவன் எண்டு மட்டும் சொல்லுறன்."

டில்ஷானி ஃபானையும் காற்றையும் விட்டுவிட்டுப் புத்தகத்தோடு அறையின் அடுத்த மூலைக்கு ஓடினாள். ரீச்சர் இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்: "நூத்தி முப்பத்தொண்டில அழாதே, பிள்ளை, பிறகு சரிவரும்!"

டில்ஷானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முழங்கையால் பக்கத்தைப் புரட்டினாள்.