போட்டிக்கு வைத்த பக்கம்

எங்கள் தொழிலில் கொடுக்கும் விருதுகளைப் பற்றி என்னிடம் பேச்சே எடுக்காதீர்கள், பற்றிக்கொண்டு வரும். இணையதளம் வடிவமைக்கிறவர்களே போட்டியாளர்கள், இணையதளம் வடிவமைக்கிறவர்களே நடுவர்கள். சமையல்காரர்கள் தங்களுக்குள் பரிமாறிச் சாப்பிட்டுவிட்டுக் கைதட்டிக்கொள்வது மாதிரி. பசியோடு வந்தவன் வாசலில் நின்றுகொண்டிருப்பான், அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நடுவருக்கு மேசை அகலத்தில் திரை, மின்னல் வேக இணைப்பு, கையில் காபி. அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால் எதுதான் அழகாக இருக்காது?

எங்கள் முதலாளிக்கு இதன்மேல் அப்படி ஒரு வெறி. வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கேடயங்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பதக்கம்' என்றுதான் பேர். மனுஷன் கெட்டவர் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். விருது என்று வந்துவிட்டால்தான் தலைகால் புரியாது.

இந்த வருஷம் அவர் கண் நான் செய்த ஒரு பக்கத்தின் மேல் விழுந்தது. விஷ உதவி மையத்தின் பக்கம் அது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், யாராவது தெரியாமல் மருந்தை மாற்றிக் குடித்துவிட்டால், அங்கே கூப்பிடலாம். உடனே ஒரு நர்ஸ் எடுத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லுவார். வெள்ளைப் பக்கம், வலது மேல் மூலையில் ஒரு சிவப்புப் பட்டன், அதில் மையத்தின் எண். அமுக்கினால் போன் போய்விடும். அவ்வளவுதான் பக்கமே. என் அக்காவின் சின்னவன் தரை துடைக்கிற திரவத்தை வாயில் ஊற்றிக்கொண்ட அன்று அவள் அந்தப் பட்டனைத்தான் அமுக்கினாள். "நல்லவேளை, மூலையிலேயே வச்சிருந்தேடி. கை நடுங்கின நடுக்கத்துல வேற எதையும் என்னால படிச்சிருக்க முடியாது" என்றாள். என் வேலைக்கு இதுவரை கிடைத்த உருப்படியான பாராட்டு அது ஒன்றுதான்.

பதக்கத்துக்கு அது போதவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். ஒண்ணும் இல்லாததுதான் சார் விஷயமே."

"ஒண்ணும் இல்லாததுக்கு யாரும்மா மார்க் போடுவாங்க?"

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். போட்டிக்கென்றே தனியாக ஒரு பக்கம் செய்வார்கள். நடுவர்கள் பார்க்கிற நாளில் மட்டும் அதை அசல் முகவரியில் ஏற்றி வைப்பார்கள். மறுநாள் சத்தம் காட்டாமல் பழையது திரும்ப வந்துவிடும். நாங்களும் அப்படி ஒன்று செய்தோம். கறுப்புத் திரை. மேலிருந்து ஒரு துளி நிதானமாக விழும். விழுந்து பரவும். விரலால் தள்ளத் தள்ள அது உடம்புக்குள் இறங்கும்: தொண்டை, வயிறு, ரத்தம், இதயம். எல்லாம் முடிந்து கடைசியில் நூல் மாதிரி மெல்லிய எழுத்தில் மையத்தின் எண். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மையத்தின் நிர்வாகிகூட வாயைப் பிளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டார்.

"ஒரே ஒரு நாள்தாம்மா. அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போகுது?" என்றார் பதக்கம்.

நடுவர்கள் பார்க்கிற நாள் வந்தது. காலையில் பக்கத்தை மாற்றி ஏற்றியதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வருகிறவர்களைக் காட்டும் திரை ஒன்று எங்களிடம் உண்டு. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் அதில் ஒரு சின்ன வட்டம். எந்த மாதிரிக் கருவி, இணைப்பு எவ்வளவு வேகம், அவர்கள் திரையில் என்ன ஓடுகிறது, விரல் எங்கே படுகிறது, எல்லாம் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. ஒரு வட்டம் வரும், கறுப்புத் திரையைக் கொஞ்சம் பார்க்கும், போய்விடும். இன்னொன்று வரும், போய்விடும். யாரோ சும்மா வந்து போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா யாராவது விஷ உதவி மையத்தின் பக்கத்துக்கு வருவார்களா? அந்தக் கேள்வியை மேலே யோசிக்கவே பயமாக இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் நாற்காலிக்குத் திரும்பிய நேரம் அந்த வட்டம் வந்தது. சின்னத் திரை, அரதப்பழசான போன், இணைப்பு நொண்டியடித்தது. துளி பாதி விழுவதற்குள் விரல் படத் தொடங்கிவிட்டது. வலது மேல் மூலை. மறுபடி வலது மேல் மூலை. டப் டப் டப் என்று அதே இடம். அந்த இடத்தில் இப்போது கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. வட்டம் அணைந்தது. எனக்கு மூச்சு வருவதற்குள் திரும்ப வந்தது. துளி முதலிலிருந்து விழ ஆரம்பித்தது. விரல் அதே மூலைக்குப் போனது.

"சார்!" என்று கத்திவிட்டேன்.

பதக்கம் ஓடி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"வந்துட்டாரு பார்த்தியா! நடுவர்தாம்மா. எத்தனை தடவை திறந்து திறந்து பாக்குறாரு பாரு!"

"சார், இது ஓட்டைப் போன் சார்."

"ஓட்டைப் போன்லயும் போட்டுப் பாப்பாங்க. விதியிலயே இருக்கு."

அது உண்மைதான். அதுதான் என்னைக் கொன்றது.

"அந்த மூலையில நடுவருக்கு என்ன சார் வேலை? அது பழைய பட்டன் இருந்த இடம். முன்னாடி இந்தப் பக்கத்தைப் பார்த்த யாரோதான் அங்க தேடுவாங்க."

"ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கோமான்னு தேடுறாரும்மா. ரசிகன்!"

"நான் பழசை ஏத்துறேன் சார்."

"கைய எடு!" அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "நடுவர் பாத்துக்கிட்டு இருக்கும்போது பக்கத்தை மாத்தினா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க. அப்புறம் எந்தப் போட்டியிலயும் வாசப்படி மிதிக்க முடியாது. இத்தனை பேர் கண்ணு முழிச்சுச் செஞ்சது. அப்படியே வேற யாராவதா இருந்தாலும் கீழ தள்ளினா நம்பர் வரப்போகுது, அவ்வளவுதானே?"

"மடியில குழந்தையைப் போட்டுக்கிட்டு யாரு சார் படம் பாத்து முடிச்சு நம்பர் எடுப்பாங்க?"

விரல் மூலையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது நடுவராகவே இருக்கட்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் வேலை போகட்டும், விருது போகட்டும், அந்த ஆள் கையில் காபியோடு சொகுசாக உட்கார்ந்திருக்கும் ஒரு நடுவராக மட்டும் இருந்துவிடட்டும். அக்காவின் போன் இது இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் என்ன? யாரோ ஒருத்தருக்கு அவளும் அக்காதானே.

பதக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய பக்கத்தை ஏற்றினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அதே கறுப்பு, அதே துளி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவருக்கு வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தடவை திறந்த போனிலேயே பக்கத்தின் நகல் நாள் முழுக்கத் தங்கும்படி செய்து வைத்திருந்தோம். அந்தப் போன் இனி என்னிடம் புதிதாக எதுவும் கேட்காது. தன்னிடம் இருக்கிற நகலையே திறந்து திறந்து காட்டும்.

அந்தத் துளியின் படம் மட்டும் தனியாக வேறொரு சர்வரிலிருந்து ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும் என்பது ஞாபகம் வந்தது. வெள்ளையாக ஒரு படம் செய்தேன். அதன் நடுவில், கண் மங்கியவருக்கும் தெரிகிற அளவில் மையத்தின் எண்ணைப் போட்டேன். துளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தேன். வட்டம் அணைந்திருந்தது. 'வா, இன்னொரு தடவை வா, தாயே' என்று வாய்விட்டே சொன்னேன்.

வந்தது. படம் மெதுவாக இறங்கியது. விரல் அசையாமல் நின்றது. பிறகு எண்ணின் மேல் தட்டியது. இன்னொரு தட்டு. அது வெறும் படம், பட்டன் இல்லை, தட்டினால் போன் போகாது. "கையால போடு, கையால நம்பரைப் போடு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வட்டம் அணைந்தது. அப்புறம் வரவே இல்லை.

என் போனை எடுத்து மையத்தின் எண்ணைப் போட்டேன். பதக்கத்துக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"விஷ உதவி மையம், சொல்லுங்கம்மா. யாரு, என்ன சாப்பிட்டாங்க?"

"சிஸ்டர், நான் உங்க பக்கத்தை வடிவமைச்சவ. இப்ப கொஞ்ச முன்னாடி உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்லையேம்மா."

பதக்கம் நிமிர்ந்தார். "நான் சொன்னேன்ல? நடுவர்தான்."

"இன்னிக்கு என்னவோ காலையிலேர்ந்தே போன் இல்ல" என்றார் நர்ஸ். குரலில் ஒரு சிரிப்பு. "எப்பவும் வாயில ஒரு வாய் சோறு வைக்க விடாது. இன்னிக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து நிம்மதியா சாப்பிட்டோம். தினம் இப்படியே இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்."

காலையிலிருந்து வந்து வந்து அணைந்துபோன வட்டங்கள் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன.

"இருங்கம்மா, பக்கத்து லைன் அடிக்குது" என்று நர்ஸ் ரிசீவரை மேசையில் வைத்தார். வைத்தாரே தவிர அணைக்கவில்லை. அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்கம்மா... அழாதீங்க, அழுதா எனக்குப் புரியாது. எத்தனை வயசு?... பாட்டில்ல என்ன எழுதியிருக்கு?... மூச்சு விடுறானா?... சரி, வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஆட்டோவோ காரோ எது கிடைக்குதோ பிடிச்சு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, பாட்டிலையும் கையோட எடுத்துக்கங்க. எப்ப குடிச்சான்?"

அந்தப் பக்கம் சொன்ன பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. பதக்கம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார் நர்ஸ், "இவ்வளவு நேரம் ஏன் எங்களுக்குப் போன் பண்ணல?"