அழைப்பவருக்கு என்ன உறவு

நண்பர் என்று எழுதுவதா, தெரிந்தவர் என்று எழுதுவதா என்ற யோசனையில் என் மனைவி எகுவா அன்று காலை மீன் வியாபாரத்தையே கோட்டை விட்டாள். கானாங்கெளுத்தி கேட்டு வந்தவளுக்குச் சங்கராவைக் கட்டிக் கொடுத்தாள். அவள் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து செகண்டி மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள். ஒருவர் கத்த, என் மனைவி பதிலுக்குக் கத்தாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குளிர்பெட்டியின் மூடிமேல் காகிதத்தை விரித்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது ஓர் அழைப்புக் கடிதம். ஐரோப்பாவிலிருந்து எங்கள் நாட்டுக்கு வருகிறவர் டிக்கெட் எடுத்தோம், இறங்கினோம் என்று வந்துவிட முடியாது. விசா வேண்டும். அதற்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும், திரும்பிப் போகும் டிக்கெட் வேண்டும், இங்கே இருக்கிற யாராவது ஒருவர் அடையாள அட்டையின் நகலை வைத்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இவரை எனக்குத் தெரியும், என் வீட்டில்தான் தங்குவார், கெடு முடிந்ததும் கிளம்பிவிடுவார், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று அதில் எழுத வேண்டும். அழைப்பவருக்கு அவர் என்ன உறவு என்பதையும் சொல்ல வேண்டும். வர விரும்பியவர் பெயர் மத்தியாஸ். ஜெர்மனியில் பிரேமன் என்கிற துறைமுக ஊர்க்காரர். என் மாமனார் கோபினா எசல் இறந்துபோன செய்தியை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு, நானும் அவருடைய மகன்தான், அடக்கத்தன்று பிள்ளைகளோடு நிற்க என்னை விடுவீர்களா என்று எகுவாவுக்கு எழுதியிருந்தார்.

மாமனார் கல்யாணத்துக்கு முன்னால் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். இடையில் கொஞ்ச காலம் பிரேமனில் கரையிறங்கி இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், குளிர் என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, கேட்க வேண்டியவரோ ஆஸ்பத்திரியின் குளிர் அறையில், அடக்கத்துக்குக் குறித்த சனிக்கிழமைக்காக வாரக்கணக்கில் காத்துக்கொண்டு கிடந்தார்.

எகுவாவின் அண்ணன் ஜோஜோ, மத்தியாஸ் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தான். "நம்ம பயலுக இங்க உக்காந்துகிட்டு வெள்ளைக்காரிக்குக் காதல் கடுதாசி எழுதி ஏமாத்துறானுங்க. இப்ப அவனுங்களே நமக்கு எழுத ஆரம்பிச்சிட்டானுங்களா?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பற்றிப் பேசினான். மலைமேல் மாமனார் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். இந்தக் காலச் சட்டப்படி அது பிள்ளைகளுக்கு வரும், பிள்ளை ஒன்று கூடினால் பங்கும் ஒன்று கூடும். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருக்கும் தன் சினேகிதனிடம் ஜோஜோ விசாரித்துக்கொண்டு வந்தான். சகோதரர் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டாமாம். மத்தியாஸ் அனுப்பிய படத்தில் ஆள் எங்களைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, சுருட்டை முடி நரைத்து இருந்தார். கறுப்பு அப்பன் ஒருவன் இருந்திருக்கிறான் என்று மட்டும்தான் அந்த முகம் சொல்கிறது, அது நம் அப்பன்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று ஜோஜோ கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் தலையாட்டுகிற உரிமை மட்டும் உண்டு.

ஜோஜோவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஐரோப்பிய நாடு ஒன்றுக்குப் போக இரண்டு முறை விசா கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன் அவன். நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். மனைவி, மக்கள், மெக்கானிக் ஷெட் எல்லாம் இருக்கிறது என்றான். போதாது என்றார்கள். இப்போது தங்கையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன்னிடம் அவர்கள் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் மத்தியாஸிடம் கேட்கச் சொன்னான். அண்ணனும் தங்கையுமாக ஆறு மாத வங்கிக் கணக்கு கேட்டார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கேட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போவாய் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவள் எழுத எழுத அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அன்புள்ள எகுவா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அனுப்பினார். அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. திட்டாத மனிதனை எப்படி நம்புவது? திரும்பிப் போவதற்கு அத்தாட்சியாகத் தன் தோட்டத்து ஆப்பிள் மரத்தைப் படம் எடுத்து அனுப்பி, இதைக் கவாத்து பண்ண நான் வந்துதானே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார். மரத்தைக் காட்டி மனுசனை நம்பச் சொல்கிறான் என்றான் ஜோஜோ. மாமனாரின் பழைய படம் ஒன்றும் வந்தது. பனியில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எகுவா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நம் வீட்டில் இவர் ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருக்கிறாரா என்று என்னைக் கேட்டாள்.

கடைசியில் அவள் குடும்ப நண்பர் என்று எழுதினாள். வேண்டாம் என்று மறுத்து ஊர் வாயில் விழுவதைவிட, வரட்டும், வந்து நிற்கட்டும், பிள்ளைகளோடு அல்லாமல் விருந்தாளிகளோடு நிற்கட்டும் என்பது ஏற்பாடு. ஜோஜோ அரை மனதோடு ஒத்துக்கொண்டான்.

அடக்கத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மீன் வண்டியைக் கழுவி, எலுமிச்சைச் சாறு தெளித்து, அவரை அழைத்துவரத் தலைநகர் அக்ராவுக்குக் கிளம்பினோம். என்ன தெளித்தாலும் மீன் மீன்தான். வழியில் மங்கெசிம் ஊரில் கெங்கே என்கிற புளித்த மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கினோம். எகுவா அவளுடையதைப் பிரிக்கக்கூட இல்லை. அந்த ஆள் நேரே வீட்டை அளக்க ஆரம்பித்தால் என்ன செய்வது, வக்கீலோடு வந்தால் என்ன செய்வது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். வக்கீலுக்கும் அழைப்புக் கடிதம் வேண்டுமே என்றேன்.

"அட்டோ, நீ வண்டிய ஓட்டு. வாய ஓட்டாத" என்று என் பெயரைச் சொல்லி அதட்டினாள்.

விமான நிலையத்தில் பயணிகள் எல்லாரும் வெளியே வந்து, தள்ளுவண்டிகள் காலியாகி, அழைக்க வந்தவர்களும் போய்விட்டார்கள். மத்தியாஸ் வரவில்லை. பார், வரவே இல்லை, எல்லாம் ஏமாற்று வேலை என்று எகுவா சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் நிம்மதி இல்லை. அப்போது அவள் போன் அடித்தது. உள்ளே குடிநுழைவு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். சீருடை போட்ட ஒருவர் வந்து எங்கள் இருவரையும் அழைத்துப் போனார்.

சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, பெயர்ப்பட்டையில் ஆந்தோ என்று இருந்தது, எங்கள் பக்கத்துப் பெயர். முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் மத்தியாஸ். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். விஷயம் இதுதான். எகுவாவின் கடிதத்தில் குடும்ப நண்பர் என்று இருந்தது, அதை வைத்துத்தான் விசா கொடுத்திருந்தார்கள். இவரோ இங்கே வந்து எதற்காக வந்தீர்கள் என்ற இடத்தில் அப்பாவின் அடக்கம் என்றும், யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்ற இடத்தில் தங்கை வீடு என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க" என்றார் ஆந்தோ. "யாருன்னு தெரிஞ்சிட்டா நல்லது. தெரியலன்னா இவர் வந்த விமானத்துலயே திரும்பிப் போவாரு. அது கிளம்ப இன்னும் நேரம் இருக்கு."

மத்தியாஸ் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியும். ஏன் அப்படி எழுதினார்கள் என்றும் புரிந்தது, அதனால்தான் தூதரகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார். இங்கே கொடுத்த தாளின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துக் கேட்டிருந்தது. அப்பாவின் சாவுக்கு வந்துவிட்டு நண்பர் என்று எழுதக் கை வரவில்லை. இவ்வளவையும் எகுவாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னார். நல்லவனாக இருந்தாலும் இந்த மனிதன் தொல்லைதான் என்று நினைத்தேன்.

ஆந்தோ பேனாவைக் கீழே வைத்தார். "உங்கப்பா உங்களுக்கு என்ன பேர் வச்சாரு?" என்று கேட்டார்.

அவர் பாஸ்போர்ட்டைக் காட்டினார். அது உங்கம்மா வைத்தது, அப்பா வைத்ததைக் கேட்கிறேன் என்றார் ஆந்தோ. மத்தியாஸுக்கு முகம் சிவந்தது. சொல்லக் கூச்சப்பட்டார்.

"அமிசா. குழந்தையில என்னை அப்படித்தான் கூப்பிடுவாராம், அம்மா சொல்லுவாங்க. ஏதோ செல்லப் பேருன்னு நினைச்சேன். அர்த்தம் தெரியாது."

எகுவா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

எங்களில் பிள்ளை தாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்பன் கொடுப்பது பெயர்தான், பெயர் வைத்தால்தான் அது அவன் பிள்ளை. முதல் மகனுக்குத் தன் அப்பாவின் பெயரை வைப்பான். மாமனாரின் அப்பா பெயர் அமிசா. ஆனால் ஜோஜோவுக்கு அந்தப் பெயர் வைக்கவில்லை. கப்பலில் கூட வேலை பார்த்த யாரோ ஒருவருடைய பெயரை வைத்தார். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் இல்லையா என்று ஊரே கேட்டது. மாமியார் அழுதார். ஜோஜோ பள்ளிக்கூடத்திலேயே இதற்காகக் கேலிபட்டான், குடித்தால் இப்போதும் இதைச் சொல்லித்தான் அழுவான். அப்பனுக்கு என் பிறப்பிலேயே சந்தேகம் என்பான். ஒரு பெயரை இரண்டு மகன்களுக்கு வைக்க முடியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

"போஸ்டர்ல பாத்திருப்பானோ" என்று எகுவா எங்கள் மொழியில் என்னிடம் கேட்டாள். சாவு போஸ்டரை அச்சகத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தவன் நான். அதை மாமனாரின் தாய்வழிக் குடும்பம்தான் போட்டது, அவருடைய அப்பா வழிப் பெயர் ஒன்றுகூட அதில் கிடையாது. இல்லை என்று தலையாட்டினேன். அவள் மத்தியாஸின் பக்கம் திரும்பினாள்.

"இத ஏன் எனக்கு முன்னாடியே எழுதல?"

"நீங்க கேக்கலையே" என்றார் அவர். "வங்கிக் கணக்குதான் கேட்டீங்க."

எகுவாவின் போன் மேசைமேல் நடுங்க ஆரம்பித்தது. திரையில் ஜோஜோ அண்ணன் என்று வந்தது. மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில், சவப்பெட்டியின் தலைமாட்டில் நிற்பதற்காகத் துக்கத்துக்கு உடுத்தும் சிவப்புத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தான் ஜோஜோ. எகுவா போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. நண்பர் என்றே அவள் சாதித்திருக்கலாம். இவர் திரும்பிப் போயிருப்பார், வீடு வீடாகவே இருந்திருக்கும், சனிக்கிழமை சனிக்கிழமையாக நடந்திருக்கும். அவள் முகத்தில் அந்த நினைப்பு வந்து போனதை நான் பார்த்தேன். இருபது வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. அவள் என்ன சொல்வாள் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

"கடிதத்துல நான்தான் பொய் எழுதினேன், மேடம். இவர் எங்க பெரியண்ணன்."

ஆந்தோ ஆச்சரியப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "எழுதும்மா. இந்தத் தடவையாவது யோசிக்காம எழுது."

எகுவா எழுத ஆரம்பித்தாள். போன் மறுபடியும் அடித்தது. எழுதுவதை நிறுத்தாமல், இடது கையால் அதை எடுத்துப் பொத்தானை அழுத்தி மத்தியாஸிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க தம்பி. பேசுங்க."

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். என்னம்மா ஆச்சு, அந்தப் பயலத் திருப்பி அனுப்பிட்டாங்களா, போய்த் தொலஞ்சானா என்று ஜோஜோ எங்கள் மொழியில் கத்துவது எனக்கு இங்கே கேட்டது. ஒரு வார்த்தை புரியாமல், நிறுத்தினால் தம்பி எங்கே போனை வைத்துவிடுவானோ என்று பயந்தவர்போல, யெஸ், யெஸ் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார் மத்தியாஸ்.