தூக்கிய கை

"குடும்பத்துக்கே ஒரே பல் டாக்டர் இருந்தா நல்லது. இவர் தங்கமான மனுஷன், அதிர்ந்துகூடப் பேசமாட்டார்" என்று சொல்லி அந்த கிளினிக்கைப் பிடித்தது கணவன்தான். முதலில் அவள் உட்கார்ந்தாள்.

"வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்றார் டாக்டர், தேன் ஒழுக.

ஊசி போட்டும் கடைவாய்ப் பல்லைக் குடைந்தபோது உயிர் போய் உயிர் வந்தது. கையைத் தூக்கினாள். "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று தாலாட்டினாரே தவிர, மெஷின் நிற்கவில்லை. மறுபடியும் தூக்கினாள். அவர் கண்ணைக் காட்ட, நர்ஸ் அந்தக் கையைப் பிடித்து மடியிலேயே அழுத்திவைத்தாள். வாய் நிறையப் பஞ்சு, திட்டக்கூட வழியில்லை. பக்கத்திலேயே நின்ற கணவன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

அடுத்து மகள் ஏறினாள்.

"வலிச்சா கையைத் தூக்கும்மா" என்று டாக்டர் ஆரம்பித்ததும் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளை நாற்காலியிலிருந்து இறக்கினாள்.

"என்ன பண்றே? அவர் என்ன நினைப்பார்?" என்று கணவன் பல்லைக் கடித்தான்.

பாதி மரத்த வாயோடு அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"தங்கமான மனுஷன்தானே, நீங்க ஏறுங்க. கையை நான் பிடிச்சுக்கிறேன்."