ஜேக்கப் போட்டோ

பியூலா அரிசி களைந்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து போன் வந்தது. கணவர் பர்னபாஸின் வைத்திய உதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்த அறக்கட்டளையில் வேலை செய்யும் மமதா. சுரங்கத்தில் இருபது வருஷம் பாறை துளைத்த தூசி இன்னமும் பர்னபாஸின் நெஞ்சுக்குள் இருந்தது.

“ஆன்ட்டி, நீங்க அனுப்பின போட்டோ ஏறல. ஜேக்கப் போட்டோ இருந்தா அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க.”

பியூலாவின் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றது. “ஜேக்கப்பா? உங்ககிட்டயாம்மா கீறான்?”

“இருந்தாதான் ஆன்ட்டி சிஸ்டம் எடுத்துக்கும்…” குரல் கரகரத்து அறுந்தது. மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளுக்குள் டவர் நிலையாக நிற்காது. வாசலுக்கு ஓடித் திரும்பக் கூப்பிட்டாள். லைன் பிஸி.

ஜேக்கப் அவர்களுடைய ஒரே மகன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனை, வரிசை வீடுகள் எல்லாம் பார்க்க, பர்னபாஸ் செருப்பால் அடித்தார். மறுநாள் முதல் ரயிலில் போனவன்தான், ஒன்பது வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. குடும்ப ஜெபத்தில்கூட பியூலா அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

இன்று சத்தமாகச் சொன்னாள். “இன்னாங்க, ஜேக்கப்பு கெடச்சிட்டான். போட்டோ கேக்கறாங்க.”

பர்னபாஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. “ஆளு இருந்தா போன அவன்கிட்ட குடுக்க மாட்டாங்களா? போட்டோ எதுக்குடி?”

அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்த அவன் படத்தை எடுத்துப் போனில் பிடித்து அனுப்பினாள். அவசரத்தில் இரண்டு தரம் அனுப்பிவிட்டாள். பிறகு ஒரு மணி நேரம் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பர்னபாஸுக்கு இருமல் வந்தபோதெல்லாம், போன் அடித்தால் கேட்காமல் போய்விடுமோ என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

மறுபடி அழைப்பு வந்ததும் பியூலா வாசலுக்கு ஓடினாள்.

“ஆன்ட்டி, இது யாரு? அங்கிள் போட்டோதானே வேணும்?”

“நீதாம்மா ஜேக்கப் போட்டோ கேட்ட.”

“அய்யோ, ஜேக்கப் இல்ல ஆன்ட்டி. ஜே-பெக். ஜே, பி, ஈ, ஜி. போட்டோ ஃபைல்ல அது ஒரு வகை. நீங்க கடையில ஸ்கேன் பண்ணி அனுப்பினது வேற வகை.”

“அது யாரு பேரும்மா?”

“யாரு பேரும் இல்ல. போட்டோ விஷயம் தெரிஞ்சவங்க சேர்ந்து ஒரு குழு வெச்சிருந்தாங்களாம். அந்தக் குழு பேரோட மொதல் எழுத்துங்க. போன்லயே அங்கிள ஒண்ணு எடுத்து அனுப்புங்க, போதும்.”

பியூலா உள்ளே வந்தாள். பர்னபாஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் இல்லீங்க. போட்டோவுக்கே அப்படி ஒரு பேராம். எனக்குத்தான் தப்பாக் கேட்டுச்சி.”

“அப்ப… எதுவும் ஆகலயா அவனுக்கு?”

“அவங்களுக்கு அவன யாருன்னே தெரியாது.”

பர்னபாஸ் மூச்சு விட்டார். அது இருமலாகி, இருமல் அழுகையாகியது. பியூலா தண்ணீர் கொடுத்தாள். அவளால் அழ முடியவில்லை; அவளுக்கு ஒரு மணி நேரம் மகன் உயிரோடு கையருகே இருந்தான், இப்போது மறுபடி இல்லை.

நாலரை ஆகியிருந்தது. வெள்ளையடித்த சுவரோரம் அவரை நிற்கவைத்துப் போனைத் தூக்கினாள்.

“இரு,” என்றார் பர்னபாஸ். “ஜேக்கப்பு போட்டோவ வெச்சிக்கினாங்களா, அழிச்சிட்டாங்களா?”

“கேக்கலீங்க.”

“அழிக்க வேணாம்னு சொல்லு. பெங்களூர்ல யார்கிட்டயாவது இருக்கட்டும்.”

பியூலா மமதாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பர்னபாஸ் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஈரக் கண்ணைத் துடைக்காமல், யாரோ படம் எடுத்துக்கொண்டிருப்பதுபோல அசையாமல் நின்றார்.